மூன்று கணைக்கு ஒரு கூட்டல்

செய்யாரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது தோழி பவித்ரா போன் செய்தாள். "முரளி அண்ணன் போயிட்டாருடா. மாரடைப்பு." எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "அப்போ ஞாயித்துக்கெழம?" அவள் திட்டவில்லை.

பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவராகத்தான் ஆரணியில் அவரைப் பலருக்குத் தெரியும். எங்களுக்கு அவர் நடுவர். ஞாயிறு மதியம் அவர் கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை பேசி, டைஸ் உருட்டி ஆடுவோம். யாருக்கு எவ்வளவு அடி என்பதை டைஸில் விழும் எண் சொல்லும். அரக்கனும் புயலும் சாவும் அவர் பொறுப்பு. செத்த பாத்திரம் அந்த மேசைக்குத் திரும்பி வராது.

கடைசியாக ஆடிய அன்று என் வீரன் மயங்கிக் கிடந்தான். அரக்கன் முன்னால் நின்றது பவித்ராவின் மந்திரக்காரி மட்டும். காலேஜ் நாளிலிருந்து அவள் வளர்த்த பாத்திரம். ஒரே மந்திரத்தில் மூன்று தீக்கணை விடலாம். அவள் விரலில் இருந்த மாய மோதிரம், அடியின் சேதக் கணக்கோடு ஐந்து கூட்டும். கணைக்குக் கணை ஐந்து கூட்டினால் அரக்கன் காலி. மொத்தமாக ஒரு தடவை என்றால் டைஸ் நன்றாக விழ வேண்டும். இல்லாவிட்டால் அவள் காலி.

"மூணு கணை, மூணு அடி, மூணு தடவ கூட்டணும். லாஜிக்கா பேசுங்கண்ணா" என்றேன்.

"மோதிரத்துல என்னா போட்டுருக்குது? மந்திரத்தோட சேதத்துல கூட்டுன்னுதானே? மந்திரம் எத்தினி?"

"ஒண்ணு. ஆனா..."

"போன வாரம் கோட்டையில அந்த மந்திரக்காரக் கிழவன் உங்க மேல இதே கணைய வுட்டான். அவன் கையிலயும் இதே மோதிரம். ஒரு தடவதான் கூட்டினேன். அன்னிக்கு ஏன்யா எல்லாரும் கம்முனு உக்காந்துகினு இருந்தீங்க?"

பவித்ரா டைஸைக் கைக்குள் மூடியிருந்தாள். "நான் ஓடிடலாமாண்ணா?"

"ஓடலாம். அரக்கன் இவனத் தின்னுடுவான்" என்று என்னைக் காட்டினார். "ரூல் தெரிஞ்சிடுச்சு இல்ல? இப்ப முடிவு பண்ணு. உருட்டின அப்புறம் ரூல் கேக்கக் கூடாது." அவர் எப்போதும் சொல்வது அது.

"ஓட மாட்டேன்" என்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு தறிக்காரர் அவசர டிசைனோடு வந்து நின்றார். அடுத்த வாரம் உருட்டலாம் என்று முரளி அண்ணன் எழுந்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு, சேவூரில் பவித்ரா வீட்டில் கூடினோம். நடுவர் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"சொல்லு, எத்தினி தடவ கூட்டட்டும்?" என்றாள்.

அந்த ரூல் மொக்கை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாற்றியிருந்தால் தடுக்க ஆளில்லை.

"ஒரு தடவ."

"டேய், மூணுன்னு சண்ட போட்டதே நீதானடா!"

"அந்தக் கிழவனுக்கு ஒரு தடவதானே?"

முறைத்துக்கொண்டே உருட்டினாள். கூட்டிப் பார்த்தோம். போதவில்லை. அரக்கனின் அடியை எல்லார் கண்ணெதிரிலும் நான் உருட்டினேன். மந்திரக்காரி விழுந்தாள்.

பவித்ரா மந்திரக்காரியின் குறிப்புத்தாளை மடித்து வைத்தாள். பிறகு, "அவர மாதிரியே பேஜார் புடிச்சவன்டா நீயி" என்றாள்.

அவரைத் தெரிந்தவர்கள், அவர் ஞாபகமாக உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: எதிராளிக்குப் போட்ட கணக்கையே நமக்கும் போடுவது. சுகமான சொத்து இல்லை. அரக்கன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவன் அடுத்து அடிக்க வேண்டியது மயங்கிக் கிடந்த என் வீரனை. டைஸ் என் கையில்தான் இருந்தது. உருட்டினேன்.