குதிகாலில் இரண்டாவது ஊசி

தன் பிள்ளைக்கு நோய் இருக்கிறது என்று சொல்லி ஒரு தாய் சிரித்ததைப் போன வாரம் பார்த்தேன். சத்தியமாகச் சிரித்தாள்.

மகேஸ்வரி, எங்கள் தெருமுனை போட்டோகொப்பிக் கடையில் வேலை செய்கிற மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பெண். இந்தப் பத்தியை வாராவாரம் டைப் செய்து தருபவளும் அவள்தான் — ஏதாவது தப்பாக எழுதினால் எனக்குத்தான் வம்பு! புருஷன் ராஜன், சொந்த மாமன் மகன். கட்டுகஸ்தோட்டையில் த்ரீவீலர் ஓட்டுகிறான்.

சில வருஷங்களுக்கு முன் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பால் குடித்தான், வாந்தி எடுத்தான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், கண்ணூறு என்றார்கள். மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பிள்ளை வற்றிப் போய்விட்டது. முப்பத்தொன்றாம் நாள்தானே பேர் வைப்போம்? அதற்கு முன்பே போய்விட்டான்.

"கூப்பிட்டு அழக்கூட ஒரு பேரு இல்லக்கா" என்பாள், கொப்பி மெஷினைப் பார்த்துக்கொண்டே. கொப்பிகளை வாங்கிக்கொண்டு எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

இந்தமுறையும் பையன். பழைய கதையைக் கேட்ட டாக்டரம்மா, குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாள் வார்டில் இருங்கள் என்றார். எங்கள் ராஜன் இருப்பானா? செவ்வாய்க்கிழமை பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம்! கெஞ்சிக் கூத்தாடி, திங்கட்கிழமையே வார்டில் டிக்கட் வெட்டி, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். கிளம்புகிற அவசரத்தில், பிறந்த மறுநாளே இரத்தம் எடுத்தாயிற்று.

அங்கேதான் வந்தது வினை. பிறந்த உடனே எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சோதனையில் பார்க்கிற ஹோர்மோன் ஏறித்தான் இருக்குமாம். ரிப்போர்ட் இரண்டுங்கெட்டானாக வந்தது. நோய் இருக்கலாம்... இல்லாமலும் இருக்கலாம். "உடனே பிள்ளையைக் கொண்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் கோல்.

"முப்பத்தொன்னு கழியாம எப்படி வெளிய எடுக்கிறது?" என்று ராஜன் இழுத்தான்.

"நீங்க இருங்க. நான் போறேன்" என்றாள் மகேஸ்வரி.

துணைக்கு நானும் போனேன். அவனும் பின்னாலேயே ஓடி வந்தான். நர்ஸ் மறுபடியும் குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்து, சீட்டில் வழக்கம்போல 'மகேஸ்வரியின் பேபி' என்று எழுதப் போனார்.

"வேணாம் மிஸ். அது மூத்தவனோட பேரு."

நர்ஸின் பேனா நின்றது.

"இவனுக்குக் கவின்னு எழுதுங்க."

"நட்சத்திரத்துக்கு எழுத்தே பாக்கலயே மகேஸ்!" — ராஜன் பதறினான்.

"எழுத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இவன் இருக்கணும்."

ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்தோம். ஒன்று யோசித்தேன். தப்பாக 'இருக்கிறது' என்று வந்தால் வீடே கலங்கும். தப்பாக 'இல்லை' என்று வந்தால்... பிள்ளையே போய்விடும். ஒரு சொட்டு இரத்தம் உண்மை பேச வேண்டுமானால், அதற்கு உரிய நேரத்தை நாம் கொடுக்க வேண்டாமா? நாள் பார்க்கிற நமக்கு இது மட்டும் ஏன் உறைப்பதில்லை?

போன வாரம் மகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள்.

"இருக்காம்க்கா! மூத்தவனுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பரம்பரையா வர்றதாம். எங்க ரெண்டு பேருகிட்டயும் இருக்காம், எங்களுக்கு ஒன்னும் பண்ணாதாம்!"

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சுரப்பியில் கோளாறு. உடம்பிலுள்ள உப்பெல்லாம் சிறுநீரோடு போய்விடும். கண்டுபிடித்தால் மருந்து உண்டு.

"காலம் முழுக்க மாத்திரையாமே?" என்றேன்.

"இருந்துட்டுப் போகட்டும்! எங்கப்பா ப்ரஷருக்குச் சாப்பிடலயா?" — அப்போதுதான் சிரித்தாள். எத்தனை வருஷத்துச் சிரிப்பு அது!

பையிலிருந்து மருந்தை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். பொடித்துக் கொடுக்க மாத்திரை. கூடவே, டாக்டரம்மா அளந்து கொடுக்கச் சொன்ன ஒரு சின்னப் பொட்டலம்.

"இது என்ன?"

"உப்புக்கா. சும்மா சமைக்கிற உப்பு."

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூத்தவன் போனப்பவும் நம்ம வீட்டுல உப்பு இருந்துச்சேக்கா..."