பக்கத்து அறைக்குப் போன மாலை

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த டாக்டர் கஸ்பர், எண்பதுகளில் மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் குடல், ஈரல் நோய்களுக்கு வைத்தியம் பார்த்தார். பக்கத்து அறைக் கண் டாக்டர் சிறில்மீது அவருக்குத் தீராத பொறாமை. கட்டை அவிழ்த்ததும் பார்வை கிடைத்தவர்கள் சிறிலைக் கும்பிடுவார்கள். கஸ்பரிடம் வந்தவர்களோ, சாராயத்தையும் மிளகாயையும் விடச் சொன்னதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள்.

ஒருநாள் முத்துலிங்கம் என்ற தோட்டத் தொழிலாளி மாலையோடு வந்தார். இரத்த வாந்தி எடுத்துச் சாகக் கிடந்தவரைப் பிழைக்கவைத்தவர் கஸ்பர். மாலையைக் கண்டதும் கஸ்பர் எழுந்தே நின்றுவிட்டார்.

“கண் டாக்டர் ஐயா இருக்காங்களா? எம் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியுதுங்க.”

“அப்ப ஒன் உசிரக் காப்பாத்தினது யாருய்யா?”

“நீங்கதாங்க. ஆனா சாராயத்த நிப்பாட்டினதுக்கு யாருங்க மாலை போடுவாங்க?”

கஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்து அறையில் கைதட்டல் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.