கரண்டி ஸ்டாண்டான மருந்து டப்பா

திராட்சைக்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்தால், குளிக்காமல் மகளைத் தூக்கவே மாட்டார் என் கணவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், செல்போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, காலி மருந்து டப்பாவை அறுத்து அடுப்படியில் கரண்டி ஸ்டாண்டாக வைத்திருக்கிறார்! உத்தமபாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய நான் பார்த்தபோது, அதிலிருந்து எடுத்த ஸ்பூனால் மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டப் போனார். டப்பாவில் மண்டையோட்டுப் படம்கூட முழுதாக உரியவில்லை. கத்திக்கொண்டே பாய்ந்து ஸ்பூனைத் தட்டிவிட்டேன்.

"எதுக்குடி இந்தக் கத்து கத்துற? சோப்புப் போட்டுக் கழுவித்தான இங்கன வச்சேன்!"

"அப்ப அதுல தண்ணி ஊத்தி நீங்க குடிங்க, பாப்பம்!"

அவர் டப்பாவிலிருந்த கரண்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

இப்போதெல்லாம் மருந்து அடித்து முடிந்ததும், காலி டப்பாவைத் தோட்டத்திலேயே யாரும் எடுத்துப் புழங்க முடியாதபடி அரிவாளால் கொத்தி ஓட்டை போட்டுவிடுகிறேன். என் அடுப்படி அலங்கோலமாகவே கிடக்கட்டும். எனக்கு என் பிள்ளைதான் முக்கியம்.