லேசர் அடிக்காமல் வந்த அலை

இயற்பியலில் முதுகலை முடித்து, ஐம்பதை நெருங்குகிற வயதில் முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்திருக்கிற நான், ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் திரையை, சந்தையில் அலுமினியக் குண்டான் வாங்குகிறவனைப் போல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். அசிங்கம்தான். காத்து கருப்பு எதுவும் கிடையாது என்று கல்லூரியில் மேடையேறிப் பேசியவன் வேறு. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

என் ஆராய்ச்சி இதுதான். கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாக நறுக்கினால் கிடைக்கும் ஒரு துணுக்கு நேரம் மட்டும் அலுமினியத் தகட்டின் மேல் லேசர் அடித்தால், மேற்பரப்பு விரியக்கூட அவகாசமில்லாமல் அழுத்தம் ஏறி, ஓர் அதிர்ச்சி அலை உள்ளே பாயும். நிஜ லேசர் வாங்க வக்கில்லாததால் தகடு, அணு, லேசர் எல்லாமே எனக்குக் கம்ப்யூட்டருக்குள் வெறும் கணக்கு. அது பல நாள் ஓடி, கடைசியில் ஒரு வீடியோவைக் கொடுக்கும்.

மறுநாள் ஆய்வுக்குழு கூடுகிறது. என் வழிகாட்டி என்னைவிடச் சின்னவர்; அதனால் மரியாதையாகவே மிரட்டுவார். “இந்த வாட்டியும் படம் இல்லன்னா பதிவு ரத்து சார். நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

வில்லியனூர் வீட்டில் வீடியோ தயாரானதும் ஓட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களைப் போல, அணுக்கள் லேசாக ஆடியபடி இருந்த இடத்திலேயே இருந்தன. திரும்பத் திரும்ப ஓட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன்: லேசரின் ஆற்றல் என்ற இடத்தில் பூஜ்யம். சோதனைக்காக நானே போட்டு, மாற்ற மறந்தது. இல்லாத லேசருக்காக இத்தனை நாள் இருக்கிற கரண்டைச் செலவழித்திருக்கிறேன்.

டீயோடு வந்த என் மனைவி கலா எட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவுக்குப் பாகூரில் பாத்திரக்கடை.

“இன்னாங்க, ஒண்ணும் நகரலயே?”

“லேசர் போட மறந்துட்டேன்டி.”

“பாலுக்கு உறை ஊத்தத்தான் மறப்பீங்கன்னு நெனச்சேன். தட்டியாச்சும் பாருங்க. எங்க கடையில தட்டிப் பாக்காம எவன் வாங்குறான்?”

ஆத்திரத்தில் திரையின் வலது ஓரத்தில் தட்டினேன். இரண்டு தட்டு. முதல் தட்டில் முட்டி வலித்துவிட்டதால் இரண்டாவது கொஞ்சம் மெல்ல.

பிறகு அதே வீடியோவை மறுபடி ஓட்டினேன், ஏன் என்று கேட்காதீர்கள். வலது ஓரத்திலிருந்து ஓர் அலை கிளம்பி இடதுபக்கம் போனது. பின்னாலேயே இன்னொன்று, மெலிசாக. கணக்கு முடிந்து பதிவாகிவிட்ட வீடியோ சார் அது! கல்யாண ஆல்பத்தைத் தட்டினால் மாப்பிள்ளை திரும்பிப் பார்ப்பாரா?

“நான் சும்மாதாங்க சொன்னேன்” என்றாள் கலா. டீ டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

அலையின் வேகத்தை அளந்தேன். நிஜ அலுமினியத்தில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவே. அதே கணக்கை மறுபடி கொஞ்சம் ஓடவிட்டேன், அலை எதுவும் வரவில்லை. பழைய வீடியோவை இன்றைக்குத் திறந்தாலும் அந்த இரண்டு அலைகளும் போகின்றன. முதலாவதுகூடப் பரவாயில்லை. அந்த இரண்டாவதன் மெலிவுக்குத்தான் இன்னும் கணக்கு தேடிக்கொண்டிருக்கிறேன்.

லேசரோடு புதிதாக ஓட்ட நேரமில்லை. மறுநாள் அந்த வீடியோவையே குழுவுக்குப் போட்டுக் காட்டி, பூஜ்யத்தையும் தட்டலையும் ஒளிக்காமல் சொன்னேன். வழிகாட்டி மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். என் பதிவு போயிற்று என்றே நினைத்தேன்.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“படத்துல எக்ஸ், ஒய் அச்சு ரெண்டுக்கும் பேர் போடலையே சார். போட்டுட்டு அடுத்த முறை வாங்க. அதுவரைக்கும் பதிவு இருக்கட்டும்.”