விதைத் தோட்டம் என்று நான் எழுதிய இடம்

1. வியாழக்கிழமை

பங்களாவுக்கு மேலே உள்ள அரை ஏக்கரில் திங்கட்கிழமை மண் தோண்டும் பெக்கோ இறங்கும் என்று தோட்டத்து முதலாளியான துரை அலுவலகத்துக்கு வந்து சொன்னார். மரங்களை வேரோடு பிடுங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு நான்கு கேபின் கட்டப் போகிறாராம். அந்த இடத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தது நான் எழுதிய ஒரு பத்தி.

வட்டகொடைப் பக்கம் ஒரு சிறிய தோட்டத்தில் நான் கிளாக்கர். கம்பெனித் தோட்டம் அல்ல, ஒரே குடும்பத்தின் சொத்து. துரையின் தாத்தா, எல்லோரும் பெரிய ஐயா என்பவர், டவுனில் கடை வைத்திருந்தவர். வெள்ளைக்காரரிடம் இருந்து அவர் வாங்கிய தோட்டத்தில், காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஐம்பது ஏக்கர்தான் குடும்பத்துக்கு மிஞ்சியது. இப்போது பேரன் பங்களாவை ஹோட்டலாக்குகிறார். அறைகளில் வைக்க, தோட்டத்தின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார். பள்ளியில் ஏ.எல். வரை தமிழ் படித்தவள் என்பதுதான் என் தகுதி.

மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். காலையில் அவளை, தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வந்து எழுதுவேன். ஒரு பெயரை மூன்று தடவை சரிபார்ப்பேன், பிறகும் சந்தேகம் வரும். ஆனால் இந்தப் பத்தியில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பழைய மேப்பில் ஐந்தாம் நம்பர் மலையின் ஓரத்தில் ‘விதைத் தேயிலை’ என்று இருந்தது. ரோட்டில் நின்று பார்த்தேன். உயரம் குறைக்கக் கவ்வாத்து வெட்டாத தேயிலை மரம் மரமாக வளர்ந்து நின்றது. விதை போட்டுக் கன்று எடுத்த காலத்தில் அதற்கென்று செடிகளை வெட்டாமல் விடுவார்கள். ஆகவே, பெரிய ஐயா தன் கையால் உண்டாக்கிய விதைத் தோட்டம் என்று எழுதினேன். ‘தன் கையால்’ என்பது நானாகச் சேர்த்தது.

துரை அதைப் படித்துவிட்டு, இப்போது எல்லாம் தண்டு நட்டு எடுக்கும் கன்றுதானே, விதை யாருக்கு வேண்டும், நல்ல வியூ உள்ள இடம் என்றார்.

2. வெள்ளிக்கிழமை

காலைக் கொழுந்து நிறுக்கும்போது ராசாத்தி அக்கா தன் சாக்கைத் தராசில் வைக்காமல் நின்றார். இருபது வருடமாகக் கொழுந்து எடுப்பவர். விதைத் தோட்டத்தில் பெக்கோ இறங்கும் செய்தி, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

“கிளாக்கரம்மா, அது விதைத் தோட்டம்னு யாரு சொன்னாங்க?”

“மேப்புல இருக்கு அக்கா.”

“எம் மகனும் அங்கதான் இருக்கான். அவன் மேப்புல இருக்கானா?”

பக்கத்தில் நின்ற பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

பிறகு ராசாத்தி அக்காவே சொன்னார். பால் குடிக்கிற வயதில் இறக்கும் பிள்ளைகளை லயத்துத் தொழிலாளர்கள் பெரிய சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஐந்தாம் நம்பர் மலையின் ஓரத்தில், ஒரு தேயிலைத் தூரின் அடியில் புதைப்பார்கள். அந்தத் தூரில் அதன்பிறகு யாரும் கத்தி வைப்பதில்லை. கவ்வாத்துக்காரர் அதைத் தாண்டிப் போவார், கங்காணி அங்கே கொழுந்து எடுக்க நிரை பிரித்துக் கொடுக்க மாட்டார். அப்படி விடப்பட்ட செடிகள்தான் மரமாகியிருந்தன. மேப் வரைந்தவர் மரத்தைப் பார்த்து விதை என்று நினைத்தார். நான் மேப்பைப் பார்த்து நினைத்தேன்.

அலுவலகத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா எழுதுவீங்க. எழுதினா அளக்க வருவாங்க. இப்ப என்னன்னா, நாங்க சொல்லாமலே எழுதிட்டீங்க.”

மத்தியானம்வரை எனக்கு வேலை ஓடவில்லை. இறப்புப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குழந்தைகள் பதிவில் இருந்தார்கள், புதைத்த இடம் இல்லை. துரை ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவேன்? புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. வேலை போனால் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? கொழும்பில் கடையில் வேலை செய்யும் கணவரைக் கூப்பிட்டேன். நமக்கேன் வம்பு என்றார். அதுவும் சரிதானோ என்று கொஞ்ச நேரம் இருந்தேன்.

மகளுக்குப் பால் கொடுக்கப் போனபோது அவள் என் விரலைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, அளவு நாடாவோடு ராசாத்தி அக்காவிடம் போனேன். இருவரும் மேலே ஏறினோம்.

விதை மரங்களைத் தூரத் தூர நடுவார்கள். இங்கே மரத்துக்கு மரம் அளந்தேன். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கிற செடிகளுக்கு இடையே உள்ள அதே நாலடி. நிரையும் அதே நிரை, கீழிருந்து நேராக ஏறி வந்தது. இது ஒருபோதும் விதைத் தோட்டம் இல்லை. ஒவ்வொரு தூரடியிலும் கைப்பிடி அளவில் ஒரு கல் பதிந்திருந்தது. ராசாத்தி அக்கா ஒரு மரத்தின் அருகே போய் நின்றார். நான் அந்த மரத்தை அளக்கவில்லை.

3. சனிக்கிழமை

பங்களாவுக்குப் போய், அங்கே பிள்ளைகள் புதைக்கப்பட்டிருப்பதைத் துரையிடம் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல வந்தது மறந்துவிடும் என்று பயம்.

“நீங்க எழுதினத நீங்களே பிழைங்கிறீங்களா, கவிதா?”

“ஆமா சேர். பிழைதான்.”

அளவுகளைக் காட்டினேன். அவர் தேயிலைக் குடும்பத்துப் பிள்ளை. நாலடி என்றதும் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியாக ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு போனை எடுத்து, பெக்கோக்காரரிடம் சிங்களத்தில் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றார். கேபின்களைக் கீழே குதிரை லாயம் இருந்த இடத்துக்கு மாற்றலாம் என்றார்.

நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பும்போது, புத்தகத்தில் மட்டும் விதைத் தோட்டம் என்றே இருக்கட்டும் என்றார். விடுமுறைக்கு வருகிறவர்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு பிள்ளைகளின் குழியைப் பற்றியா படிப்பார்கள் என்று கேட்டார்.

அதோடு போயிருக்கலாம். கேட்டது கிடைத்துவிட்டது. கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

“நீங்க இருக்கிறவரைக்கும் பெக்கோ வராது சேர். உங்களுக்குப் பிறகு வர்றவங்க இந்தப் புத்தகத்தத்தான் படிப்பாங்க. விதை யாருக்கு வேணும்னு அவங்களும் கேப்பாங்க.”

அவர் முகம் மாறியது. போய்விடச் சொல்வார் என்று நினைத்தேன். பேனாவை என் பக்கம் தள்ளி, என்ன எழுதுவீர்கள், எழுதிக் காட்டுங்கள் என்றார். எழுதினேன்: ‘ஐந்தாம் நம்பர் மலையின் ஓரத்தில் இந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் குழந்தைகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத் தொழிலாளர்கள் இந்தச் செடிகளை வெட்டாமல் காத்து வருகிறார்கள்.’ துரை இரண்டு தடவை படித்தார். ‘இங்கே யாரும் வெட்டக் கூடாது’ என்று தன் கையால் கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

தோட்ட அலுவலகங்களுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மலையைப் பற்றி எழுதுமுன் அங்கே நிரை பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள். எழுதியது பிழையென்று தெரிந்தால் எழுதியவரே போய்ச் சொல்லுங்கள், வேறு யாராவது சொல்வார்கள் என்று இருக்காதீர்கள். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். எனக்கு அது அன்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை.