நசீர் வண்டியில் பியானோ

நசீர் சில்லறையை நீட்டுவார், உடனே கொடுத்துவிடமாட்டார். "மொதல்ல சொல்லு, பாட்டு எப்டி கீது?" ஆட்டோவிலிருந்து இறங்கிய ஆள் நடுச்சாலையில் நிற்பார். பின்னால் வரும் லாரி ஹாரனால் காதைப் பிளக்கும். அவர் அசையாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காசிமேட்டுக்கும் திருவொற்றியூர் தேரடிக்கும் இடையே ஓடும் அவருடைய ஷேர் ஆட்டோவில் ஒரு மாதமாக ஒரே பாட்டு. அதில் பாட ஆளே கிடையாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் எழுதிய கச்சேரி. ஒரு பக்கம் ஒற்றைப் பியானோ, எதிர்ப்பக்கம் வயலினும் குழலும் முரசுமாக ஒரு பட்டாளம். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் மச்சான் மஜீது பென் டிரைவில் போட்டுக் கொடுத்தது. முதன்முறை கேட்டபோது நசீர் வண்டியையே ஓரங்கட்டிவிட்டார். சிலிர்த்து நின்ற கை ரோமத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டி, "பாரு மாமு, பாரு!" என்று கத்தினார்.

அதிலிருந்துதான் இந்த விசாரணை. "கஸ்டமர் கேர்ல வெயிட் பண்ணச் சொல்ல வருமே, அது" என்றான் ஒரு கல்லூரிப் பையன். "சாவு வூட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே பேண்டு வெச்ச மாதிரி கீது" என்றார் ராயபுரம் ஃப்ளோரா. வசவென்றாலும் நசீர் தொடையில் தட்டிச் சிரிப்பார், அடுத்த சவாரியில் அதை ஒப்பிப்பார். "பரவால்ல" என்பவரிடம்தான் கோபம் வரும். "இன்னாது பரவால்ல? திட்றதுன்னா நல்லா திட்டேன்!"

ஆனால் பலர் அவர் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறத் தொடங்கினார்கள். அவர் வண்டி நிரம்பாததால் தேரடி ஸ்டாண்டில் ஆட்டோ வரிசை நகரவில்லை. ஸ்டாண்டுச் செயலாளர் வல்லரசு நேற்றுக் காலை கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு பாட்ட மாத்து. இல்லாங்காட்டி வண்டிய லைன்ல வெக்காத."

"ஒரே ஒரு ஆளுக்குப் புடிச்சிதுன்னா?"

"எவன் கீறான், கூட்டியா பாக்கலாம்."

இன்றைய சவாரி ஒன்றில் காசிமேட்டில் ஏறியவர் பூவம்மா. மீன் ஏலம் விடுகிறவர், காலடிப்பேட்டையில் வீடு. எதிரே துறைமுகத் தொழிலாளி தவசிமுத்து. இரண்டு நிமிடம் காதைக் குடைந்துகொண்டிருந்த பூவம்மா திடீரென்று நிமிர்ந்தார்.

"டேய் நசீரு, இது ஏலம்டா! ஒத்த ஆளு வெல சொல்றான், கும்பல் மொணமொணக்குது பாரு. ஏத்துறான்… ஏத்துறான்…"

"கும்பல்தான் எடுக்கும்க்கா" என்றார் தவசிமுத்து.

"கிழிக்கும். ஒத்த ஆளுதான்."

வண்டி இரண்டு கட்சியானது. பியானோ தாவித் தாவி மேலே ஏற, வயலின்கள் துரத்த, டோல்கேட் தாண்டும்போது முரசு இடியாக இடித்தது. அவ்வளவுதான், பூவம்மாவின் கை தானாகக் கம்பியில் அறைந்தது. "மூணு தரம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் பியானோ மெல்லிய குரலில் மறுபடியும் தொடங்கிவிட்டது.

பூவம்மா சட்டென்று ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். காசிமேட்டில் அவர் மூன்றாம் தரம் சொன்ன பிறகு எவனும் விலை கேட்டதில்லை. "நான் முட்சிட்டேன், இவன் திரும்ப வெல சொல்றான் பாரு, இன்னா தில்லு!"

காலடிப்பேட்டை வந்தது. "அக்கா, எறங்கு" என்றார் நசீர். "நல்லா கீதாக்கா?"

"நல்லா கீதா இல்லியான்னு அப்பால சொல்றேன். யாரு எடுத்தாங்கன்னு தெரியாம எறங்கமாட்டேன். நீ வுடு வண்டிய."

தேரடியில் வண்டி நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, வல்லரசு விறுவிறுவென வந்து பென் டிரைவைப் பிடுங்கக் கையை உள்ளே நீட்டினார். பூவம்மா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"கம்முனு இரு நைனா. ஏலம் நடந்துகினு கீது."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. உள்ளே பியானோ மறுபடியும் விலையை ஏற்றத் தொடங்கியிருந்தது. நசீர் டிரைவர் சீட்டில் நகர்ந்து உட்கார்ந்து, காலியான பாதியை உள்ளங்கையால் வல்லரசுக்குத் தட்டிக் காட்டினார்.