புட்டியில் இருந்த எழுத்து

கோஹினூருக்கு ஒன்பது வயதானபோது அவள் வீட்டில் ஒரே பகலில் மூன்று பேர் போனார்கள். விடியற்காலையில் அம்மா, வெயில் ஏறுவதற்குள் கைக்குழந்தை, பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் பெரிய தம்பி. அம்மாவுக்கு முதலில் குரல் போனது, பிறகு கண்கள் குழிக்குள் போயின என்பாள். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த நோய்க்கு அதிபதியான ஓலா பீபி, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு வந்துவிடுவாளாம். கோஹினூர் மட்டும் "காலரா" என்று தெளிவாகச் சொல்வாள். சொல்லும்போது அவள் கை முந்தானையை இறுக்கிப் பிடித்திருக்கும்.

நானும் அவளும் மேக்னா நதியின் கிளையாற்றங்கரையில் இருந்த காலரா ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வீடு வீடாகப் போய், யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதி வர வேண்டும். அவள் வாழ்க்கைப்பட்ட ஊரான தெந்துல்காந்தி அவளுக்கு, வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருந்த ஊர் எனக்கு. அவள் புருஷன் ருஸ்தம் லாஞ்சில் சுக்கான் பிடிப்பவன். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள் பாருல், நான்கு வயது.

அந்த வருஷம் குளிர் முடியும் சமயத்தில் புது மருந்து வந்தது. ஊசி இல்லை, குடிக்கிற மருந்து. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆறு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை. எங்கள் மேற்பார்வையாளர் மொசம்மேல் சார் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

"புட்டி மேல ரெண்டு எழுத்து இருக்கும். ம, ல. ஒண்ணுல மருந்து. இன்னொண்ணு பாக்க அதே மாதிரி, குடிக்க அதே மாதிரி, ஆனா மருந்து கிடையாது, வெறும் தண்ணின்னு வச்சுக்குங்க. எதுல எது இருக்குன்னு எனக்கும் தெரியாது. டாக்காவுல பூட்டி வச்சிருக்காங்க. முதல்ல எந்த எழுத்தோ, ஒரு ஆளுக்கு மூணு தடவையும் அதே எழுத்துதான்."

கோஹினூர் எழுந்து கேட்டாள். "தண்ணி குடிச்ச புள்ளைக்கு நோவு வந்தா, சார்?"

"படகு இருக்கு, சலைன் இருக்கு, நாம இருக்கோம். யாரையும் சாக விடப்போறதில்ல. ஆனா எதுல மருந்துன்னு தெரிஞ்சா எல்லாரும் அதைத்தானே கேப்பாங்க? அப்புறம் இந்த மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எந்தக் காலத்துக்கும் தெரியாமப் போயிரும்."

அவள் தலையாட்டி உட்கார்ந்தாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தெந்துல்காந்தியில் அவர்கள் வளவில் ஆறு வீடுகள், நடுவே முற்றம், பின்னால் குளம். அடுத்த வீடு ஜொபேதாவுடையது. ருஸ்தமின் பெரியப்பா மகனைக் கட்டியவள், அதனால் கோஹினூருக்கு பாபி, அண்ணி முறை. வாய் ஓயாத பெண். முதல் தவணை அன்று மாமரத்தடியில் மேஜை போட்டிருந்தோம். நான் பெயரும் எழுத்தும் படிக்க, கோஹினூர் புட்டியைத் திறந்து கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாள்.

"இதக் குடிச்சா புள்ள பொறக்காதாமே, கோஹினூர்? மெய்யா?" என்றாள் ஜொபேதா.

"உங்களுக்குத்தான் ஆறு இருக்கே, பாபி. நின்னா நல்லதுன்னு நெனச்சுக் குடிங்க."

"ஏழாவது வந்தா உன் வீட்டு வாசல்லதான் கொண்டாந்து போடுவேன், பாத்துக்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஜொபேதாவின் கடைசி மகள் மொய்னாவுக்கு ம வந்தது. பாருலுக்கு ல. இரண்டு பெண்களும் குடித்துவிட்டு ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தார்கள்.

இரண்டாவது தவணை முடிந்த பதினைந்தாவது நாள் வெக்கையோடு நோய் இறங்கியது. தினம் ஒரு வீட்டிலாவது யாராவது படுத்தார்கள். கோஹினூருக்குத் தூக்கம் போய்விட்டது. பாருல் ஒருமுறை கொல்லைப்பக்கம் போய்வந்தால் போதும், பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்ப்பாள். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி, விட்டதும் சுருக்கம் போகிறதா, உடம்பில் நீர் வற்றவில்லையே என்று பார்ப்பாள். ஒரு நாளைக்கு எத்தனை முறையோ. குழந்தையின் வயிறே சிவந்து கிடந்தது.

ஒருநாள் வாய்க்கால் பாலத்தில் என்னை நிறுத்தினாள்.

"ஹெனா, உன் நோட்டக் குடு. நோவு வந்த புள்ளைங்க எந்த எழுத்துன்னு பாக்கணும்."

"அதெல்லாம் பாக்கக் கூடாதுடீ. வேல போயிரும்."

"எங்க ஊர்ல மட்டும் ஆறு. அதுல நாலு ல. உன் ஊரையும் பாத்துட்டா முடிவு தெரிஞ்சிரும்."

கொடுத்திருக்கக் கூடாது. அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். என் ஊரில் ஐந்து. அதில் நான்கு ல. கூட்டினால் ல எட்டு, ம மூன்று.

"ல-தான் தண்ணி," என்றாள். உதடு வெளுத்திருந்தது. "என் புள்ளைக்குக் குடுத்ததெல்லாம் தண்ணி, ஹெனா."

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாருலைக் குளத்துப் பக்கம் விடுவதில்லை. அடிபம்பு நீரையும் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றை மற்ற பிள்ளைகள் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட, பாருல் கதவுக்குப் பின்னால் அடைபட்டு அழுதாள். "ராணி மகள வளக்கறா பாரு," என்று ஜொபேதா கேலி செய்தாள்.

மூன்றாவது தவணை மழை தொடங்கிய வாரத்தில். அதே மாமரம், அதே மேஜை. புட்டிகள் எண்ணித்தான் வரும். ஒரு ம கூடினால் ஒரு ல குறைய வேண்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"பாருல். ல," என்று படித்தேன்.

அவள் கை ம புட்டிக்குப் போனது. திறந்தாள், ஊற்றினாள், மகளின் வாயில் வைத்தாள். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பட்டியலில் ல என்றே குறி போட்டேன்.

மூன்று பெயர் தள்ளி மொய்னா. "ம," என்று படித்தேன். கோஹினூர் ல புட்டியைத் திறந்தாள். ஊற்றும்போது மேஜையில் கொஞ்சம் சிந்தியது.

"சிந்தாத. என் புள்ளைக்குக் கொறச்சுக் குடுக்கறியா?" என்று சிரித்தாள் ஜொபேதா.

மகளுக்காகப் பட்ட பயம் அன்றோடு தீரும் என்று நினைத்திருப்பாள். தீரவில்லை, இரண்டாகியது. இப்போது மொய்னாவும் சேர்ந்துகொண்டாள். ஜொபேதா வீட்டில் யாராவது இருமினால்கூடக் கோஹினூர் எட்டிப் பார்ப்பாள். மொய்னாவைக் கூப்பிட்டு மடியில் வைத்துச் சாக்குப்போக்காக வயிற்றைக் கிள்ளுவாள். வெள்ளம் வந்தது, குளமும் ஆறும் ஒன்றாயின, பிறகு வடிந்தது. எங்கள் வங்காளக் கணக்கில் கார்த்திக் மாதம் பிறந்தது.

ஒரு நாள் காலை ஒன்பது மணி இருக்கும். கணக்கு ஒப்பிட நான் கோஹினூர் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் ஜொபேதா கத்தினாள்.

"கோஹினூர்! இவ கெடக்கறதப் பாரு! கஞ்சித் தண்ணியாப் போவுது!"

மொய்னா பாயில் கிடந்தாள். விடியும்போது பொரி தின்றுகொண்டிருந்த குழந்தை. கண் குழிந்துவிட்டது. விரல் நுனிகள் நீரில் ஊறியதுபோலச் சுருங்கியிருந்தன. அழ வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை. கோஹினூர் வயிற்றைக் கிள்ளினாள். தோல் கூடாரம் போல அப்படியே நின்றது.

அவள் அங்கேயே உறைந்துபோனாள். அவளுக்கு மறுபடி ஒன்பது வயது ஆகிவிட்டதென்று நினைத்தேன். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சலைன் பொடியத் தண்ணில கரைடீ! நான் படகக் கூப்பிடறேன்!"

அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. படகில் போகும் முக்கால் மணி நேரமும் மொய்னாவின் தலையை மடியில் வைத்து, கரண்டி கரண்டியாக ஊட்டினாள். வாந்தி எடுத்தால் துடைத்துவிட்டு மறுபடியும் ஊட்டினாள். ஜொபேதா கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கரையில் அறுத்துப் போட்ட நெல்லை ஆட்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகைப் பார்த்ததும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நடுவில் ஓட்டை போட்ட கட்டிலில் மொய்னாவைக் கிடத்தினார்கள். கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் தேடினார்கள். கடைசியில் தலையில் கிடைத்தது. சலைன் இறங்கத் தொடங்கியது. கட்டிலுக்குக் கீழே வாளி நிரம்ப நிரம்ப மேலே புட்டிகளை மாற்றினார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு மொய்னா கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள். கேட்கும்படியான குரலில்.

கோஹினூர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜொபேதாவிடம் சொன்னாள். எழுத்தை எண்ணியது, புட்டியை மாற்றியது, எல்லாவற்றையும். "என் புள்ளைக்கு மருந்து கெடைக்கட்டும்னு உங்க புள்ளைக்குத் தண்ணியக் குடுத்துட்டேன், பாபி."

ஜொபேதா மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "என் புள்ள கண்ணத் தொறந்துட்டா. இப்ப என்னால அத மட்டும்தான் பாக்க முடியுது. நீ போ. மத்தத வீட்ல வச்சுக் கேக்கறேன்."

அடுத்து கோஹினூர் மொசம்மேல் சாரிடம் போய், இரண்டு ஊர்க் கணக்கை எண்ணியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். பட்டியல் படித்தது யார் என்று அவர் கேட்டார். "நான்தான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டேன், சார். படிச்சது ஹெனா, ஆனா அவ குனிஞ்சு எழுதிட்டிருந்தா, கவனிக்கல," என்று அவள் சொன்னது கேட்டது. நான் உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை.

சார் கத்தவில்லை. இரண்டு குழந்தைகளின் எண்ணையும் ஆராய்ச்சிப் பட்டியலிலிருந்து சிவப்புக் கோடு போட்டு அடித்தார். மருந்து மேஜைப் பக்கம் அவள் இனி வரக்கூடாது என்றார். வீடு சுற்றும் வேலையை விட்டுவைத்தார்.

அடுத்த வருஷம் டாக்காவில் பூட்டைத் திறந்தார்கள். சார் அவளைக் கூப்பிட்டனுப்பினார், துணைக்கு நானும் போனேன்.

"ல-தான் மருந்து, கோஹினூர்," என்றார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எண்ணினது வயித்துப்போக்க. ஆய்வுக்கூடத்துல எண்ணினது காலராவ. வயித்துப்போக்குக்கு ஆயிரம் காரணம். உங்க ல எட்டுல ஒண்ணுதான் காலரா. ம மூணுல ரெண்டு. அப்பவும் ரெண்டு ஊரு, பதினொரு புள்ளைங்கள வச்சு எதுவும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இத்தனை ஆயிரம் பேரு."

"அப்ப பாருலுக்கு..."

"ரெண்டு தவணை மருந்து, ஒண்ணு தண்ணி. மொய்னாவுக்கு ரெண்டு தண்ணி, ஒரு மருந்து."

"அந்த ஒரு தவணைதான் மொய்னாவக் காப்பாத்துச்சா, சார்?"

"தெரியாது. மூணு தவணை குடிச்சவங்கள்லயும் சில பேருக்கு வந்துச்சு. ஒரு புள்ளையப் பாத்து எதையும் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலமே அவள் ஜொபேதாவிடம் போய்ச் சொன்னாள். நானும் கூட நின்றேன். ஒரு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஜொபேதா இலிஷ் மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்ப உன் புள்ளைகிட்டருந்து திருடி எம்புள்ளைக்குக் குடுத்திருக்க. ஒழுங்காத் திருடக்கூடத் தெரியல உனக்கு!" சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் நீண்டு, நடுவில் எங்கோ அழுகையாக மாறிவிட்டது. "அது சரி, அன்னிக்கி நீ தண்ணின்னு நெனச்சுத்தானே குடுத்த?"

"ஆமா, பாபி."

"ஆங். அதான்."

அதன் பிறகு பேச்சு திரும்பியது. கேலியும் திரும்பியது. ஈத் அன்று சேமியாப் பாயசம் வளவின் எல்லா வீடுகளுக்கும் போல கோஹினூர் வீட்டுக்கும் வந்தது. ஆனால் மொய்னாவுக்கு எப்போது வயிறு சரியில்லாமல் போனாலும், கோஹினூர் கரைத்து நீட்டும் சலைனை ஜொபேதா முதலில் தன் கையில் வாங்கிக்கொள்வாள். ஒரு வாய் தான் குடிப்பாள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மகளுக்குக் கொடுப்பாள். கோஹினூர் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.